ஸ்கிராபிளா, கிரிப்டிக்கா, வேர்டிலா: எதற்கு எந்தச் சொல்லைப் படிப்பது?

ஆங்கிலச் சொல் விளையாட்டில் கொஞ்சம் தேற வேண்டும் என்று நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் ஒரு வொகாபுலரி புத்தகம் வாங்குகிறார்கள். ஜி.ஆர்.இ. எழுதப்போகிறவர்கள் கையில் இருக்குமே, அந்த ரகம். 'யுபிக்விட்டஸ்', 'எஃபெமரல்', 'மேக்னானிமஸ்' என்று நாளுக்குப் பத்துச் சொல் வீதம் உருப்போடுவார்கள். சில மாதம் போனபிறகு ஸ்கிராபிள் பலகை முன்னால் உட்கார்ந்தால் பழைய மதிப்பெண்தான் வருகிறது. பேப்பரில் வரும் கிரிப்டிக் குறுக்கெழுத்திலும் பாதிக் கட்டம் பழையபடி காலி. படித்தது வீணில்லை; கட்டுரை எழுத, பரீட்சை எழுத உதவும். இந்த ஆட்டங்கள் கேட்கும் சரக்கு அது இல்லை, அவ்வளவுதான்.

எழுத்து வில்லைகளைப் பலகையில் அடுக்கிச் சொல் அமைக்கும் ஸ்கிராபிளுக்கு எழுத்துக்கூட்டத் தெரிந்தால் போதும், பொருள் தெரிய வேண்டியதில்லை. குறிப்பைப் புதிராகத் திரித்துக் கொடுக்கும் குறுக்கெழுத்தான கிரிப்டிக்குக்குப் பொருள் வேண்டும். அதுவும் அரிய சொல்லின் பொருள் அல்ல, ஐந்தாம் வகுப்பிலேயே படித்துவிட்ட சின்னச் சொல்லின் இரண்டாவது, மூன்றாவது பொருள். ஒளிந்திருக்கும் ஐந்தெழுத்துச் சொல்லை ஊகிக்கும் வேர்டிலுக்கு இரண்டுமே பெரிதாக வேண்டாம். எந்த எழுத்து எந்த இடத்தில் அதிகம் வரும் என்று தெரிந்தால் சமாளிக்கலாம். ஆகவே சொல் படிக்க உட்காருவதற்கு முன்னால், எந்த ஆட்டம் என்று முடிவு செய்துகொள்வது நல்லது. மூன்றிலும் மாறி மாறிப் பொழுதைப் போக்கியவன் என்ற தகுதியில், அந்த முடிவுக்கு உதவக்கூடியதைச் சொல்கிறேன்.

முதலில் ஸ்கிராபிள். 1930-களின் பொருளாதார மந்தத்தில் வேலை போன ஆல்ஃபிரட் பட்ஸ் என்ற அமெரிக்கக் கட்டடக் கலைஞர் உருவாக்கிய ஆட்டம் இது. செய்தித்தாள் பக்கங்களில் எந்த எழுத்து எத்தனை தடவை வருகிறது என்று உட்கார்ந்து எண்ணி, அந்தக் கணக்கை வைத்து வில்லைகளைப் பங்கிட்டார். ஜேம்ஸ் புருனோ என்பவர் 1948-இல் 'ஸ்கிராபிள்' என்று பெயர் வைத்துச் சந்தைக்குக் கொண்டுவந்தார். மொத்தம் 100 வில்லை. 'இ' மட்டும் 12. 'க்யூ'வும் 'இசட்'டும் ஒவ்வொன்றுதான், மதிப்பு தலா 10. 'எஸ்' ஆங்கிலத்தில் எங்கே பார்த்தாலும் வரும் எழுத்து. ஆனால் பெட்டியில் நான்குதான் இருக்கும். அள்ளிக் கொடுத்திருந்தால் எல்லாரும் பன்மை போட்டே காலத்தை ஓட்டியிருப்பார்கள்.

அடித்தளமே எழுத்துக் கணக்கு என்பதால் ஆட்டத்தின் உச்சியிலும் அதுதான் நிற்கிறது. நைஜல் ரிச்சர்ட்ஸ் என்ற நியூசிலாந்துக்காரர் ஆங்கில ஸ்கிராபிளில் ஐந்து தடவை உலகப் பட்டம் வென்றவர். 2015-இல் பிரெஞ்சு ஸ்கிராபிள் உலகப் போட்டிக்குப் போய் அதையும் வென்றுவிட்டு வந்தார். அவருக்குப் பிரெஞ்சு பேசத் தெரியாது. சுமார் ஒன்பது வாரம் அவர்களுடைய ஸ்கிராபிள் அகராதியை மனப்பாடம் செய்துவிட்டுப் போனார், அவ்வளவே. 2024-இல் ஸ்பானிய மொழியிலும் இதே கதை நடந்தது. வேறு யாராவது சொல்லியிருந்தால் கட்டுக்கதை என்றுதான் நினைத்திருப்பேன்.

ஆங்கிலம் தாய்மொழி இல்லாதவர்களுக்கு இது நல்ல செய்தி. தாய்லாந்தின் பானுபோல் சுஜ்ஜாயகோர்ன் 2003-இலும், பகோர்ன் நெமித்மான்சுக் 2009-இலும் உலகப் பட்டம் வாங்கினார்கள். 2015-இல் நைஜீரியாவின் வெல்லிங்டன் ஜிகேரே வாங்கினார். லண்டனில் பிறந்து வளர்ந்தவர் என்பதற்காக இந்த ஆட்டத்தில் யாருக்கும் தனிச் சலுகை கிடையாது. பள்ளியில் குறள் ஒப்பித்தல் போட்டிக்குத் தயாரான பிள்ளைக்கு இந்த உழைப்பின் ருசி ஏற்கெனவே தெரியும்.

என்ன படிப்பது? இரண்டெழுத்துச் சொற்களிலிருந்து தொடங்க வேண்டும். அகராதியைப் பொறுத்து நூறுக்கும் மேல் இருக்கின்றன. பாதி உங்களுக்குத் தெரிந்தவைதான். மீதிப் பாதியில்தான் ஆட்டம் இருக்கிறது. 'ஏ, ஏ' என்று இரண்டு எழுத்து சேர்ந்தால் ஒரு வகை எரிமலைக் குழம்பு. 'ஓ, இ' என்றால் ஃபாரோ தீவுப் பக்கம் அடிக்கும் ஒரு சூறைக்காற்று. கையில் உயிரெழுத்தாகவே வந்து மாட்டிக்கொள்ளும்போது இவைதான் காப்பாற்றும். இசட்டோடு ஏ சேர்ந்தால் பீட்சாவின் சுருக்கம். எக்ஸோடு யூ சேர்ந்தால் வியட்நாமியச் சில்லறைக் காசு. பொருள் தெரிந்தால் நினைவில் நிற்கும், தெரியாவிட்டாலும் மதிப்பெண் குறையாது.

இருக்கிறதிலேயே முக்கியமானது 'க்யூ'வும் 'ஐ'யும் சேர்ந்த சொல். சீனர்கள் சொல்லும் உயிராற்றல். பலகையில் ஓர் 'ஐ' கிடக்கிறது, அதற்கு இடப்பக்கத்தில் எழுத்தின் மதிப்பை மும்மடங்காக்கும் நீலக் கட்டம் காலியாக இருக்கிறது என்று வையுங்கள். அங்கே க்யூவை வைத்து, கையில் இருக்கும் இன்னொரு ஐயை அதற்கு நேர் கீழே சாதாரணக் கட்டத்தில் வைத்தால், குறுக்கேயும் நெடுக்கேயும் அதே சொல் அமைகிறது. ஒவ்வொன்றுக்கும் 31, மொத்தம் 62. இரண்டே வில்லைக்கு. ஏழு வில்லையையும் ஒரே தடவையில் இறக்குபவருக்குக் கிடைக்கும் போனஸே 50 தான். இந்தச் சொல் தெரியாதவர் 'யூ' வரட்டும் என்று க்யூவைக் கையிலேயே வைத்துக் காத்திருப்பார். எதிராளி வில்லைகளைத் தீர்த்துவிட்டால் இவர் கணக்கில் 10 குறையும், அந்த 10 எதிராளி கணக்கில் ஏறும். வீட்டு ஆட்டங்களில் தோற்பவர்களில் பாதிப் பேர் தோற்பது இப்படித்தான் என்பது என் அபிப்பிராயம்.

அடுத்தது ஜே, க்யூ, எக்ஸ், இசட் வரும் மூன்றெழுத்துச் சொற்கள். அதற்கடுத்து யூ இல்லாமல் க்யூ வரும் சொற்கள். அரபி, உருது வழியாக வந்த 'நிகாப்', 'ஃபகிர்', 'தலாக்' எல்லாம் இதில் அடக்கம். ஏழெழுத்துச் சொற்கள் பக்கம் அதற்கெல்லாம் பிறகுதான் வர வேண்டும். அங்கே ஒரு தந்திரம் உண்டு. எஸ், ஏ, டி, ஐ, என், இ என்ற ஆறு எழுத்தும் கையில் சேர்ந்துவிட்டால் ஏழாவதாக ஏறக்குறைய எது வந்தாலும் ஒரு சொல் கிடைக்கும். ஆர் வந்தால் 'ரீடெய்ன்ஸ்', 'ரெட்டினாஸ்', 'ஸ்டெய்னர்', 'நாஸ்டியர்' என்று ஒரே ஏழு எழுத்தில் வரிசையாக வரும். மனப்பாடம் செய்பவர்கள் இவற்றைத் தனித்தனிச் சொல்லாகப் படிப்பதில்லை. எழுத்துகளை அகரவரிசையில் அடுக்கி, அந்த அடுக்கைப் பார்த்ததும் விடைகள் எல்லாம் ஒரே மூச்சில் வரும்படி பழகுகிறார்கள்.

நம் சமையலறையும் ஓரமாக உள்ளே போயிருக்கிறது. 'இட்லி' செல்லும், 'தோசா' செல்லும். தோசாவின் பன்மையாக, கடைசியில் ஓர் ஐ சேர்த்து, நாம் சொல்கிற மாதிரியே எழுதினாலும் செல்லும். அணைக்கட்டிலிருந்து போன 'அனிகட்' செல்லும், 'வெட்டிவேர்' செல்லும், சுருட்டு 'செரூட்' ஆகிச் செல்லும். கட்டுமரத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

அகராதி வாங்கும்போது ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். இந்தியா, இலங்கை, பிரிட்டன் போட்டிகளில் காலின்ஸ் பட்டியல்தான். சுமார் 2,80,000 சொல். அமெரிக்காவிலும் கனடாவிலும் வேறு பட்டியல். அது காலின்ஸை விடப் பல பத்தாயிரம் சொல் சிறியது. கடையில் கைக்கு அடக்கமாகக் கிடைக்கும் சில ஸ்கிராபிள் அகராதிகள் அமெரிக்கப் பட்டியலை வைத்து அச்சடித்தவை. அதைப் படித்துவிட்டு இங்கே போட்டிக்குப் போனால், எதிராளி வைக்கும் செல்லுபடியாகும் சொல்லைத் தப்பு என்று சவால் விட்டு நாமே மாட்டிக்கொள்வோம். காசு செலவழிக்கவே வேண்டாம் என்றால் 'வூகிள்ஸ்' என்ற இணையதளத்தில் இலவசமாக ஆடலாம், காலின்ஸா அமெரிக்கப் பட்டியலா என்று அங்கேயே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். படிப்பதற்கு 'சிசிவா' என்ற இலவச மென்பொருள் இருக்கிறது.

குறை என்று பார்த்தால், சேர்க்கிற சொல்லில் முக்கால்வாசி ஸ்கிராபிள் பலகைக்கு வெளியே எதற்கும் ஆகாது. ஃபாரோ தீவுச் சூறைக்காற்றைப் பற்றி யாரிடம் பேசுவது? ஆங்கிலம் வளர வேண்டும் என்பதற்காகப் பிள்ளையை ஸ்கிராபிளில் சேர்க்கும் பெற்றோர் இதை யோசிக்க வேண்டும். எழுத்துப் பிழை குறையும், அது நிச்சயம். பேச்சு மாறாது.

கிரிப்டிக் குறுக்கெழுத்து இதற்கு நேர் எதிர். குறுக்கெழுத்து பிறந்தது அமெரிக்காவில், 1913 டிசம்பரில் 'நியூயார்க் வேர்ல்டு' பத்திரிகையில் ஆர்தர் வின் போட்டது. அதைக் கோணலாக்கியவர்கள் பிரிட்டிஷ்காரர்கள். 1920-களில் தொடங்கிய இந்தக் கிறுக்கு அங்கே எந்த அளவுக்கு முற்றியது என்றால், 1942-இல் 'டெய்லி டெலிகிராஃப்' ஒரு போட்டி வைத்து, 12 நிமிடத்துக்குள் கட்டத்தை நிரப்பச் சொன்னது. அதில் கலந்துகொண்ட சிலருக்குப் பின்னால் அரசிடமிருந்து கடிதம் வந்தது, பிளெட்ச்லி பூங்காவில் ஜெர்மானியரின் ரகசியக் குறியீடுகளை உடைக்கும் வேலைக்கு. நம் பக்கத்தில் 'தி இந்து' 1971-இல் தன் சொந்தக் குறுக்கெழுத்தைத் தொடங்கியது. ஆரம்ப காலத்தில் அதை அமைத்தவர் செங்கல்பட்டில் பிறந்த ராம் தாஸ் கட்டாரி, இந்தியக் கடற்படைக்குத் தலைமை ஏற்ற முதல் இந்தியர். ஓய்வு பெற்ற வைஸ் அட்மிரல் ஒருவர் உட்கார்ந்து சென்னைவாசிகளின் தூக்கத்தைக் கெடுத்தார் என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

ஒவ்வொரு குறிப்பிலும் இரண்டு பாகம். ஒன்று விடையின் நேரடிப் பொருள், அது குறிப்பின் தலையிலோ வாலிலோ இருக்கும். மற்றது அதே விடையை எழுத்து எழுத்தாகக் கட்டுவதற்கான வழி. இரண்டுக்கும் நடுவில் கோடு போட்டுக் காட்ட மாட்டார்கள். எங்கே வெட்டுவது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. ஒரு சின்ன உதாரணம் செய்து காட்டுகிறேன். 'சர்ச் வொர்க்கர்ஸ் சாங்', ஐந்தெழுத்து. படித்ததும் தேவாலய ஊழியர் ஒருவர் பாடுவது போலத் தோன்றும், தோன்ற வேண்டும் என்றுதான் அப்படி எழுதுவது. 'சர்ச்' என்பதற்கு அகராதிச் சுருக்கம் சி, ஹெச். 'வொர்க்கர்' என்றால் எறும்பு, அதாவது ஏ, என், டி. நடுவில் ஒட்டியிருக்கும் எஸ், 'இஸ்' என்பதன் குறுக்கம். எல்லாம் சேர்ந்தால் 'சான்ட்'. 'சாங்' என்பது அதன் பொருள். ஊழியரும் இல்லை, தேவாலயமும் இல்லை.

இன்னொன்று: 'பார்ட் ஆஃப் கிராண்ட் ரூமர் ஒன் கேன் பீட்', நான்கெழுத்து. கிராண்டின் கடைசி எழுத்தையும் ரூமரின் முதல் மூன்று எழுத்தையும் சேர்த்துப் படித்தால் 'டிரம்' உள்ளேயே ஒளிந்திருக்கிறது. அடிக்கக்கூடியது, ஆமாம்.

இந்த இரண்டு குறிப்பிலும் உங்களுக்குத் தெரியாத சொல் ஒன்றாவது இருந்ததா? இல்லை. கிரிப்டிக்கின் ரகசியமே இதுதான். இங்கே தேவைப்படும் சொல் வளம் ஒரு தனி ரகம்: 'செய்லர்' என்றால் டி, ஏ, ஆர்; 'கோல்டு' என்றால் ஏ, யூ; 'அயர்ன்' என்றால் எஃப், இ; 'ஃபிஃப்டி' என்றால் எல்; 'சாஃப்ட்' என்றால் இசைக் குறியீட்டில் வரும் பி; 'லேர்னர்' என்றால் வண்டியின் பின்னால் ஒட்டும் எல். 'ஃப்ளவர்' என்று வந்தால் பூ என்று நம்பிவிடாதீர்கள், ஓடுகிற எதுவும் அதுதான். 'ஃப்ளவர் ஆஃப் லண்டன்' என்றால் தேம்ஸ். 'டிரங்க்', 'புரோக்கன்', 'குக்டு', 'நாவல்' போன்ற சொல் தென்பட்டால் பக்கத்தில் இருக்கும் எழுத்துகளைக் கலைத்துப் போடச் சொல்கிறார்கள் என்று அர்த்தம். 'சைலண்ட்' என்ற ஆறு எழுத்தைக் கலைத்தால் 'லிசன்' வரும், 'என்லிஸ்ட்' வரும், 'டின்செல்' வரும்.

கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு இங்கே ஒரு கொசுறு. 'டக்' என்றால் பூஜ்யம், ஆகவே ஓ. 'மெய்டன்' என்றால் எம். 'சைட்' என்றால் 'லெக்', இல்லாவிட்டால் 'ஆன்'. 'எக்ஸ்ட்ரா' என்றால் 'பை' அல்லது 'வைட்'. 'காட்' என்றால் சி, 'ஸ்டம்ப்டு' என்றால் எஸ், டி. ஸ்கோர்கார்டு படிக்கத் தெரிந்தவருக்குப் பாடத்தில் ஒரு பங்கு ஏற்கெனவே முடிந்துவிட்டது. அமெரிக்காவில் வளர்ந்த ஒருவர் இந்த இடத்தில்தான் திணறுவார்.

நாம் திணறும் இடம் வேறு. 'எக்ஸ்', 'டீ' போன்ற பிரிட்டனின் குட்டி நதிகள், 'ஈலி' என்ற பேராலய ஊர், 'ஈட்டன்' பள்ளி, பொறியாளர் படைக்கு ஆர், இ என்ற சுருக்கம். இவற்றை ஒரு தடவை எழுதி வைத்துக்கொண்டால் திரும்பத் திரும்ப வரும். பெரிய தடை நதிப் பெயர் அல்ல, மரபுத் தொடர். விடைகளில் பல தனிச்சொல்லாக இருக்காது. 'புட் அப் வித்', 'அவுட் ஆஃப் ஹேண்ட்' போன்ற தொடராக இருக்கும். தமிழ்வழியில் படித்து, அலுவலக ஆங்கிலம் மட்டும் பழகியவருக்கு இவை காதில் விழுந்திருக்காது. பட்டியல் போட்டுப் படித்துத் தீராது, படிக்கப் படிக்கத்தான் சேரும். அதனாலேயே மூன்று ஆட்டங்களில் ஆங்கிலத்தை உண்மையில் வளர்ப்பது இது ஒன்றுதான் என்பேன். சிலேடையைக் கேட்டுச் சிரித்துப் பழகியவர்களுக்கு, இரண்டு பொருளை ஒரே சமயத்தில் பிடித்துக்கொள்ளும் பயிற்சி ஏற்கெனவே கொஞ்சம் இருக்கும்.

இதற்குப் படிக்கும் முறையும் தலைகீழ். இன்றைய கட்டத்தை முடிந்த அளவு போட்டுவிட்டு, விடை வந்ததும் ஒவ்வொரு குறிப்பையும் திரும்பப் பிரித்துப் பார்க்க வேண்டும். 'இந்து' குறுக்கெழுத்துக்கு விடையை விளக்கத்தோடு தினமும் எழுதிவைக்கும் ரசிகர்கள் இணையத்தில் இருக்கிறார்கள். அதைவிட நல்ல வாத்தியார் கிடைக்காது. முதல் சில வாரம் நாலைந்து விடைக்கு மேல் வராது. அதற்குப் பயந்து விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். லண்டன் 'டைம்ஸ்' 2014-இலிருந்தும், 'கார்டியன்' 2024-இலிருந்தும் புதியவர்களுக்கென்றே எளிய கிரிப்டிக் போடுகின்றன. அங்கே தொடங்கிவிட்டு அப்புறம் பெரிய கட்டத்துக்கு வரலாம். அகராதி என்றால் 'சேம்பர்ஸ்'. குறுக்கெழுத்துக்காரர்கள் அதைத்தான் கையில் வைத்திருப்பார்கள். ஆனால் முதல் வருடம் அது தேவைப்படாது.

வேர்டிலுக்கு இவ்வளவு பேச்சு வேண்டாம். ஜாஷ் வார்டில் என்ற மென்பொருள் பொறியாளர் 2021 அக்டோபரில் வெளியிட்டார். மூன்றே மாதத்தில், 2022 ஜனவரியில், 'நியூயார்க் டைம்ஸ்' வாங்கிக்கொண்டது. ஐந்தெழுத்துச் சொல், ஆறு முயற்சி. ஊகமாக ஏறக்குறைய 13,000 சொல்லை ஏற்றுக்கொள்ளும், ஆனால் விடையாக வரும்படி ஆரம்பத்தில் வைத்திருந்தவை சுமார் 2,300 மட்டுமே. அன்றாடச் சொற்கள்தான் விடையாக வர வேண்டும் என்று வடிகட்டியது. அதனால் ஸ்கிராபிள் பட்டியல் இங்கே உதவாது. 'கிரேன்', 'ஸ்லேட்' போல அடிக்கடி வரும் எழுத்துகள் கொண்ட சொல்லில் தொடங்குங்கள், விடை வெறும் எஸ் சேர்த்த பன்மையாக இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள், ஒரே எழுத்து இரண்டு தடவை வரலாம் என்பதை மறக்காதீர்கள். பாதி வித்தை இதோடு முடிந்தது.

மீதிப் பாதி, பொறியில் மாட்டாமல் இருப்பது. ஐ, ஜி, ஹெச், டி என்ற கடைசி நான்கு எழுத்தும் பச்சையாகிவிட்டது, அதாவது சரியான இடத்தில் உட்கார்ந்துவிட்டது, முதல் எழுத்து மட்டும் பாக்கி என்று வையுங்கள். 'லைட்', 'மைட்', 'நைட்', 'ரைட்', 'சைட்', 'ஃபைட்', 'டைட்', 'எயிட்' என்று எட்டுச் சொல் வரிசையில் நிற்கும். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் முயற்சி தீர்ந்துவிடும். அந்த இடத்தில் விடையாக வாய்ப்பே இல்லாத 'ஃபிலிம்ஸ்' என்ற சொல்லை ஒரு தடவை வீணடிக்க வேண்டும். எஃப், எல், எம், எஸ் என்ற நான்கு எழுத்தையும் அது ஒரே அடியில் சோதித்துவிடும். நான்கும் சாம்பல் நிறமானால், அதாவது விடையில் இல்லை என்று வந்தால், பாக்கி நான்கு சொல்தான். தெரியவந்த எழுத்துகளை அடுத்த முயற்சியிலும் வைத்தே ஆக வேண்டிய 'ஹார்டு மோடு' போட்டிருப்பவர்களுக்கு இந்த வழி அடைக்கப்பட்டிருக்கும். அவர்கள் அதிர்ஷ்டத்தை நம்ப வேண்டியதுதான்.

வேர்டில் சாப்பாட்டில் ஊறுகாய் மாதிரி. அதை மட்டும் வைத்துக்கொண்டு ஆங்கிலம் வளர்க்க உட்காருவதில் பொருளில்லை. அதே பத்திரிகையின் 'ஸ்பெல்லிங் பீ' கொஞ்சம் மேல். ஏழு எழுத்து கொடுப்பார்கள், நடு எழுத்து கட்டாயம், நான்கெழுத்துக்குக் குறையாத சொற்களாகக் கண்டுபிடிக்க வேண்டும். ஆனால் எது செல்லும், எது செல்லாது என்பது ஆசிரியரின் முடிவு. ஸ்கிராபிள்காரர்கள் நிச்சயமாகச் சரி என்று தெரிந்த சொல்லைப் போட்டு, அது இல்லை என்று வந்ததும் கொதிப்பார்கள். சந்தாவும் கேட்கும். 2023-இல் வந்த 'கனெக்‌ஷன்ஸ்' பதினாறு சொல்லை நான்கு கூட்டமாகப் பிரிக்கச் சொல்கிறது, அமெரிக்க டி.வி., பேஸ்பால், அங்குள்ள மிட்டாய்ப் பெயர் எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். நமக்கு இது சொல் புதிர் என்பதை விடப் பொது அறிவுத் தேர்வு என்று சொல்லலாம்.

எழுத்துக்கூட்டு விஷயத்தையும் முடிவுக்கு முன்னால் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். நாம் பள்ளியில் படித்தது பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டு. 'ஃபேவர்', 'ஹியூமர்' இரண்டிலும் கடைசி ஆருக்கு முன்னால் யூ போடுவோம். வேர்டிலும் ஸ்பெல்லிங் பீயும் அமெரிக்க வழி. 2022 ஜனவரியில் யூ இல்லாத 'ஃபேவர்' விடையாக வந்தபோது பிரிட்டனில் பெரிய புலம்பல். காலின்ஸ் ஸ்கிராபிள் இரண்டையும் ஏற்கும். 'இந்து' கட்டத்தில் நாம் பழகிய வழியே வரும். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் இது சின்ன விஷயம் இல்லை.

சரி, யாருக்கு எது? பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு ஸ்கிராபிள், யோசிக்கவே வேண்டாம். அந்த வயதில் பட்டியல் ஏறுகிற வேகம் பிறகு வராது, எதிரில் ஆள் உட்கார்ந்திருப்பதால் சலிக்காது, கூட்டல் கணக்கும் சேர்ந்து வரும். போட்டி போட்டு ஜெயிக்கும் ஆசை உள்ள பெரியவர்களுக்கும் அதுதான். உழைத்த அளவுக்குப் பலன் கண்ணுக்குத் தெரியும். இரண்டெழுத்துப் பட்டியலை மட்டும் முழுதாகப் படித்துவிட்டு மறுபடி ஆடிப் பாருங்கள், வித்தியாசம் அன்றே தெரியும். கிரிப்டிக்கில் அப்படி உடனடிக் கூலி கிடையாது.

ஆங்கிலம் ஓரளவு படித்து, பேப்பர் வாசிக்கும் பழக்கமும் உள்ளவருக்கு, குறிப்பாக ஓய்வு பெற்றவருக்கு, கிரிப்டிக். பேருந்திலும் ரயிலிலும் பத்து நிமிடம் மட்டும் கிடைக்கிறவர் வேர்டிலோடு நிறுத்திக்கொள்ளலாம், வருத்தப்பட ஒன்றுமில்லை. இரண்டைச் சேர்த்து எடுப்பதாக இருந்தால் ஸ்கிராபிளும் கிரிப்டிக்கும் ஒத்துப்போகும், எழுத்தைக் கலைத்து அடுக்கும் திறமை இரண்டுக்கும் பொது. பழகும் விதம்தான் மாறும்: ஸ்கிராபிள்காரர் எழுத்துகளை அகரவரிசையில் அடுக்குவார், குறுக்கெழுத்துக்காரர் அவற்றை ஒரு வட்டமாக எழுதி வைத்துக்கொண்டு முறைத்துப் பார்ப்பார். ஸ்கிராபிளையும் ஸ்பெல்லிங் பீயையும் சேர்த்து எடுக்காதீர்கள். ஒன்றில் படித்த அரிய சொல்லை மற்றது மறுத்துக்கொண்டே இருக்கும், ரத்த அழுத்தம்தான் ஏறும்.

கடைசியாக, வீட்டில் கூட ஆட யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். ஸ்கிராபிளில் கணவன் மனைவி இருவரும் ஏறக்குறைய ஒரே தரத்தில் இருக்க வேண்டும். ஒருவர் மட்டும் பட்டியல் படித்துவிட்டால் மற்றவர் இரண்டாவது வாரமே பலகையை மூடிவைத்துவிடுவார். கிரிப்டிக்கில் அந்தப் பிரச்சினை இல்லை. ஒருவருக்குக் கிரிக்கெட் சுருக்கம் தெரியும், இன்னொருவருக்குப் பைபிள் பெயரோ சமையல் சொல்லோ தெரியும். ஒரே தாளில் இருவரும் நிரப்பலாம், தோற்பவர் யாரும் இல்லை. அப்படி ஒரு தாளை இரண்டு பேர் பகிர்ந்துகொள்வதாக இருந்தால் பேனாவை எடுத்துவைத்துவிட்டுப் பென்சிலும் ரப்பரும் வாங்கி வையுங்கள்.